நெடுந்தீவுத் தேசிய பூங்கா: யாழ்ப்பாணத்திலிருந்து போய்வர முழுமையான வழிகாட்டி

நெடுந்தீவுக்குப் புறப்படும் ஆட்களிடம் என்ன பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்டால் கோட்டை, பெருக்கு மரம், வளரும் கல், குதிரை என்று விரல் மடிப்பார்கள். கடைசியாகச் சொன்ன குதிரை நிற்கும் வெளி ஒரு தேசிய பூங்கா என்பது யாழ்ப்பாணத்திலேயே பலருக்குத் தெரியாது. 2015 ஜூன் 22 அன்று தீவின் தென்பகுதியில் ஏறத்தாழ 1,846 ஹெக்டேயர் நிலம் அப்படி அறிவிக்கப்பட்டது. சுண்டிக்குளம், மடு வீதி, ஆதாம் பாலம் ஆகிய மூன்றும் அதே நாளில்தான் தேசிய பூங்காக்கள் ஆயின. தீவு மொத்தமே 50 சதுர கிலோமீற்றர் அளவுதான். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பூங்கா.

யால, வில்பத்து மாதிரி ஜீப் வரிசையும் வழிகாட்டி உத்தியோகத்தரும் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். மணலும் புல்லும் முருகைக்கல்லும் கலந்த திறந்த வெளி, நடுநடுவே முட்பற்றை, தூரத்தில் பனை. அவ்வளவுதான். மேற்பார்க்க ஆள் குறைவாக இருப்பதால் ஒழுங்கும் இல்லை என்று சனம் நினைத்துவிடுகிறது. சட்டம் யாலவுக்கும் இங்கும் ஒன்றுதான். விலங்கைத் துன்புறுத்துவது, செடி கொடி பிடுங்குவது, தீ மூட்டுவது எல்லாம் குற்றம். குதிரையைத் தீவை விட்டு வெளியே கொண்டு போகவும் தடை இருக்கிறது.

போவதற்கு முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நெடுந்தீவில் எல்லாக் கணக்கும் தண்ணீரில் போய் முடியும். ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தங்கும் மழைநீர்தான் நன்னீர். அதற்குக் கீழே உப்புத் தண்ணீர். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கிணறு சவராகிவிடும். சனம், மாடு, குதிரை எல்லாம் அந்த மெல்லிய நன்னீரை நம்பித்தான் வாழ்கின்றன. கீழே சொல்லப்போகும் அறிவுரைகளில் பாதிக்கு மேல் இதிலிருந்துதான் வருகின்றன.

எந்த மாதம் போகலாம்

தை பிற்பகுதியிலிருந்து பங்குனி வரை போவது நல்லது. வாடைக்காற்றின் வேகம் தணிந்திருக்கும், மாரி மழையில் முளைத்த புல் இன்னும் பச்சையாக இருக்கும், பள்ளங்களில் தண்ணீர் நிற்கும். குதிரைகளும் தேறி, மயிர் மினுங்க நிற்கும். வெளியில் சிறு குட்டைகள் இருக்கிற காலம் என்பதால் அவை ஒரே இடத்தில் நெருக்கி நிற்காமல் பரந்து மேயும்.

வைகாசி முதல் புரட்டாதி வரை சோழகம், அதாவது தென்மேற்குக் காற்று. கடல் கொந்தளிக்கும், நிலம் காய்ந்து வெடிக்கும். இந்த மாதங்களில் தண்ணீரின்றிக் குதிரைகள் செத்துப் போன செய்தி பல வருடங்களில் பத்திரிகைகளில் வந்திருக்கிறது. கடும் வரட்சி என்று செய்தி வந்தால் பயணத்தைத் தள்ளி வைப்பதே மரியாதை என்பது என் எண்ணம். மெலிந்து நிற்கும் விலங்கைப் படம் எடுக்கப் போவதில் என்ன இருக்கிறது? ஐப்பசி முதல் மார்கழி வரை மழையும் புயலும். படகுச் சேவை எப்போது நிற்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

திகதி தெரிவு செய்யும்போது இன்னொரு விஷயத்தையும் பாருங்கள். நெடுந்தீவுப் படகு புறப்படும் குறிகட்டுவான் துறையிலிருந்துதான் நயினாதீவுக்குப் போகும் படகும் புறப்படுகிறது. நயினை நாகபூசணி அம்மன் திருவிழா நாட்கள், தெற்கிலிருந்து நாகவிகாரைக்குச் சனம் திரளும் போயா விடுமுறைகள், கச்சதீவு அந்தோனியார் திருவிழாவை ஒட்டிய நாட்கள், இவையெல்லாம் துறையில் கால் வைக்க இடம் இல்லாத நாட்கள். சாதாரண வாரநாளில் போங்கள்.

புறப்படுவதற்கு முதல் நாள் செய்ய வேண்டியது

படகு நேரத்தை முகநூலில் யாரோ போன வருடம் போட்ட பதிவைப் பார்த்து நம்ப வேண்டாம். வடதாரகை, குமுதினி, தனியார் படகு என்று எது ஓடுகிறது, எத்தனை மணிக்கு என்பது திருத்த வேலை, காற்று, எரிபொருள் என்று ஏதாவது ஒன்றால் மாறிக்கொண்டே இருக்கும். நெடுந்தீவில் தெரிந்தவர் இருந்தால் ஒரு கோல் எடுத்துக் கேளுங்கள். இல்லாவிட்டால் நெடுந்தீவுப் பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம். இரண்டு நேரம் கேட்க வேண்டும்: போகும் படகு, திரும்பும் கடைசிப் படகு. இரண்டாவதுதான் முக்கியம்.

வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் அறிவித்தலையும் பாருங்கள். புத்தளத்திலிருந்து மன்னார் ஊடாகக் காங்கேசன்துறை வரையான கடற்பரப்பு என்று ஒரு வரி வரும். அதுதான் உங்கள் கடல். அதில் காற்று மணிக்கு 50, 60 கிலோமீற்றர் வரை அதிகரிக்கலாம் என்று இருந்தால் பயணத்தை விட்டுவிடுங்கள். படகு ஓடினாலும் சரி.

பையில் என்ன வைப்பது? ஆளுக்கு 3 லீற்றருக்குக் குறையாத தண்ணீர், அதுவும் வீட்டிலிருந்து, திரும்பத் திரும்ப நிரப்பக்கூடிய போத்தலில். வெளியில் நிழல் கிடையாது, தொப்பியும் நீளக்கை உடுப்பும் வேண்டும். மூடிய சப்பாத்து கட்டாயம். முருகைக்கல்லின் விளிம்பு செருப்பைக் கிழித்துக்கொண்டு காலில் ஏறும். சாப்பாட்டை லஞ்ச் சீற்றில் சுற்றாமல் வாழையிலையில் கட்டிச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வையுங்கள். குப்பை திரும்பக் கொண்டுவர ஒரு தடித்த பை. வழக்கமாக எடுக்கும் மருந்து இருந்தால் இரண்டு நாளுக்கு எடுங்கள், படகு நின்றால் ஒரு இரவு தங்க நேரும். தீவில் பிரதேச வைத்தியசாலை இருக்கிறது; ஆனால் பெரிய சத்திரசிகிச்சை என்றால் நோயாளியைக் கடல் கடத்தித்தான் யாழ்ப்பாணம் கொண்டுவர வேண்டும். இருதய வருத்தம் உள்ளவர்களும் பிரசவ நாள் நெருங்கியவர்களும் இதை யோசித்து முடிவெடுக்க வேண்டும்.

ட்ரோன் கொண்டுபோக நினைத்தால், சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் அனுமதி, பூங்காவுக்குள் என்பதால் வனஜீவராசிகள் திணைக்கள அனுமதி இரண்டும் கையில் இருக்க வேண்டும். அனுமதி இருந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். தலைக்கு மேல் இரையும் அந்தச் சத்தத்துக்குக் குதிரைக் கூட்டம் சிதறி ஓடும்.

குறிகட்டுவானும் கடலும்

யாழ் நகரிலிருந்து பண்ணைப் பாலம், அல்லைப்பிட்டி, வேலணை, புங்குடுதீவு என்று பாதை. பேருந்தில் போனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். சொந்த வாகனத்தில் வந்தால் துறைக்கு அருகில் விட்டுவிட்டு ஏறலாம். எப்படி வந்தாலும் படகு நேரத்துக்கு அரை மணி நேரம் முந்தியே துறையில் நில்லுங்கள்.

படகில் யார் முதலில் ஏறுவது? தீவில் படிப்பிக்கும் ஆசிரியர்கள், அரச உத்தியோகத்தர், யாழ்ப்பாணத்தில் கிளினிக் முடித்துத் திரும்பும் வயோதிபர், அரிசி மூட்டையும் காஸ் சிலிண்டருமாக நிற்கும் கடைக்காரர், இவர்களுக்கு இது அன்றாடப் போக்குவரத்து. நமக்கு உல்லாசம். நாம் ஒரு படகைத் தவறவிட்டால் ஒரு படம் குறையும். அவர்கள் தவறவிட்டால் ஒரு வகுப்பு நடக்காது. ஆகவே அவர்கள் ஏறி முடியட்டும், பிறகு ஏறுவோம். பெரிய குழுவாக வருவோர் அரச படகை நிரப்பாமல் தனிப்படகு பேசிக்கொள்வது நல்லது.

ஏறியவுடன் பாதுகாப்பு அங்கியை எடுத்துப் போடுங்கள். கூச்சப்பட இதில் ஒன்றும் இல்லை. 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதவைப் படகு கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகளும் இறந்தார்கள். அது குறுகிய களப்பு. இங்கே ஒரு மணி நேரத் திறந்த கடல். சிறுவர்களுக்கு அளவான அங்கி இல்லை என்றாலோ, படகு கொள்ளளவுக்கு மேல் நிரம்புகிறது என்று பட்டாலோ இறங்கி விடுங்கள். காசு கொடுத்தாயிற்றே என்று யோசிக்க வேண்டாம். மூடிய உள்ளறையில் இருந்தால் வாசலுக்குக் கிட்ட இருக்கை பிடியுங்கள். படகின் ஒரு பக்கமாக எல்லோரும் எழுந்து போய்ப் படம் எடுப்பதை ஓட்டிகள் கத்திக் கத்திச் சொல்லியும் சனம் கேட்பதில்லை. தலைசுற்றுபவர்கள் நடுப்பகுதியில், அடிவானத்தைப் பார்த்தபடி இருங்கள். இரண்டு இஞ்சித் துண்டு மெல்லலாம்.

நெடுந்தீவின் மாவலித் துறையில் இறங்கும்போது அங்கே உள்ள நினைவிடத்தைக் கவனியுங்கள். 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் போய்க்கொண்டிருந்தவர்கள் கடலில் வைத்துக் கொல்லப்பட்டார்கள். தீவில் அந்த இழப்பு இல்லாத குடும்பங்கள் குறைவு. அதன் முன்னால் நின்று செல்பி எடுக்காதீர்கள்.

ஓட்டோவும் பட்டாவும்

துறையடியில் ஓட்டோக்களும் பட்டா எனப்படும் சிறிய லொறிகளும் நிற்கும். ஏறுவதற்கு முன்னரே எந்தெந்த இடம், எத்தனை மணி வரை, மொத்தம் எவ்வளவு என்று பேசிவிடுங்கள். இதற்கு ஒரு பேரம் போதும். தீவில் எரிபொருளும் உதிரிப்பாகமும் கடல் கடந்து வருவதால் யாழ்ப்பாண விலையை எதிர்பார்ப்பது நியாயம் இல்லை.

விலை பேசும்போதே இன்னொன்றையும் சொல்லிவிடுங்கள். வந்தவர்களைச் சந்தோசப்படுத்த வேண்டும் என்பதற்காகச் சில ஓட்டிகள் வாகனத்தை நேரே கூட்டத்துக்குள் விட்டுக் குதிரைகளை ஓட வைப்பார்கள். பிள்ளைகள் கைதட்டும், வீடியோ நன்றாக வரும். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, நாங்கள் கேட்பதைத்தான் அவர்கள் தருகிறார்கள். “அண்ணை, கிட்டப் போக வேண்டாம், இதிலையே நிப்பாட்டுங்கோ” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பெரும்பாலும் கேட்பார்கள். வாகனம் ஏற்கெனவே விழுந்த தடத்தை விட்டு இறங்கவும் கூடாது. மழைக்காலத்தில் ஈர நிலத்தில் பதியும் சில்லுத் தடம் வரட்சியில் கல்லாகக் காய்ந்து கிடக்கும், அந்த இடத்தில் அடுத்த மழை வரை புல் வராது.

பலர் ஊரிலுள்ள இடங்களை முதலில் பார்த்துவிட்டு நண்பகலில் குதிரை வெளிக்குப் போகிறார்கள். நான் இதற்கு எதிர்மாறாகச் சொல்வேன். இறங்கியதும் நேரே தெற்கே போங்கள். வெயில் உச்சிக்கு ஏறினால் குதிரைகள் பற்றை ஓரங்களில் ஒதுங்கிவிடும், உங்களுக்கும் தலை சுடும். கோட்டையும் பெருக்கு மரமும் எங்கேயும் ஓடிவிடாது. முடிந்தால் தீவிலேயே ஒரு இரவு தங்குவது இன்னும் நல்லது. சிறிய விடுதிகள் சில இருக்கின்றன. அங்கே காசு செலவழிந்தால் அது தீவிலேயே தங்கும். விடிகாலையில் மேய்ச்சல் வெளியைப் பார்க்கிற வாய்ப்பும் கிடைக்கும்.

குதிரை வெளியில்

இவை ஆதியிலிருந்து காட்டில் வாழ்ந்த விலங்குகள் இல்லை. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கொண்டுவந்து வளர்த்த குதிரைகளின் வழிவந்தவை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்ற பிரித்தானியப் படை அதிகாரி இங்கே குதிரை வளர்ப்பை நடத்தினார். ஆட்சி மாறியது, இலாயங்கள் இடிந்தன, குதிரைகள் தாங்களாகவே வாழப் பழகிவிட்டன. குறுகிய உருவத்தால் ஊரில் மட்டக்குதிரை என்பார்கள். மனிதரைக் கண்டு பழகியிருந்தாலும் கை வைக்க விடுகிற வீட்டு விலங்கு என்று எண்ணிவிடக் கூடாது.

கூட்டமாக நிற்கும்போது சற்று நேரம் பார்த்துக்கொண்டிருங்கள். ஒரு ஆண் குதிரை சற்றுத் தள்ளி நின்று கூட்டத்தையும் உங்களையும் மாறி மாறிப் பார்க்கும். குட்டி தாயின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு, உங்களுக்கு எதிர்ப் பக்கமாகச் சுற்றிப் போகும். தாய் நகர்ந்தால் அதுவும் அதே அடி நகரும். வாலில் ஈ ஓட்டுகிற சத்தம் கேட்கிற தூரத்துக்குப் போய்விட்டீர்கள் என்றால் அளவுக்கு மீறிக் கிட்டப் போய்விட்டீர்கள் என்று அர்த்தம்.

30 மீற்றர் இடைவெளி விடுங்கள். குதிரை மேய்வதை நிறுத்தித் தலை நிமிர்த்தி உங்களைப் பார்த்தால் அங்கேயே நில்லுங்கள். காதைப் பின்பக்கமாக மடித்தால் பின்வாங்குங்கள், திரும்பி ஓடாமல் மெதுவாக. பின்பக்கமாக ஒருபோதும் நெருங்க வேண்டாம்; உதை ஒன்று பட்டால் எலும்பு முறியும். தாய்க்கும் குட்டிக்கும் நடுவே போகக் கூடாது. ஏறிப் பார்ப்பது, கயிறு போடுவது, கல் எறிந்து ஓட்டுவது பற்றியெல்லாம் எழுத வேண்டியிருப்பதே வெட்கம், ஆனால் நடக்கிறது. கடி, கீறல் எதுவானாலும் சவுக்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றைக்கே வைத்தியசாலையில் காட்டுங்கள். ஏற்பு ஊசி தேவையா என்று அவர்கள் சொல்வார்கள்.

சாப்பாடு கொடுப்பது அன்பு என்று நினைக்கிறோம். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. பாணோ பிஸ்கட்டோ சோறோ வயிற்றில் ஒத்துக்கொள்ளாமல் போனால் வெளியே தள்ள வழியில்லை, வயிற்றுக்குத்தில் துடித்தே சாகலாம். சாப்பாட்டு வாசம் ஒட்டிய சொப்பிங் பையைத் தின்றால் குடல் அடைக்கும். அடிக்கடி ஊட்டிப் பழக்கிய குதிரை வீதிக்கு வந்து வாகனத்தில் அடிபடவும் செய்யும்.

சரி, தண்ணீருக்கு வருவோம். குதிரை ஒன்றுக்கு நாளுக்கு ஏறத்தாழ 20 லீற்றர் தண்ணீர் வேண்டும், வெயிலில் ஓடினால் இன்னும் கூட. நீங்கள் கலைத்து ஓட வைக்கும் ஒவ்வொரு தடவையும் அது வியர்வையாகப் போகும். வரட்சிக் காலத்தில் பள்ளங்கள் சுருங்கிச் சேற்றுக் குழியாகும், குளம்பு பதிந்த குழிகளில் ஊறும் கையளவு தண்ணீரை அவை உறிஞ்சுவதைக் காணலாம். அப்படியான இடத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவே வாகனத்தை நிறுத்தினால், நீங்கள் போகும் வரை அவை குடிக்க வராமல் தூரத்திலேயே நிற்கும். உங்களுக்கு அது பத்து நிமிடப் படப்பிடிப்பு. அடுத்தடுத்து ஐந்து வாகனம் வந்தால் அவற்றுக்கு அது ஒரு முழுக் காலை. நீர் நிலையைக் கண்டால் ஓரமாக, தூரத்தில், கூட்டம் வரும் பாதையை விட்டு நில்லுங்கள்.

சாராப்பிட்டிக் கிணறுகளைப் பார்க்கப் போவீர்கள். உப்புக் கடல் சூழ்ந்த தீவில் நன்னீர் தந்த கிணறுகள். எட்டிப் பாருங்கள், வாய் நனைக்கவும் முதலில் ஊரவரைக் கேளுங்கள். முகம் கழுவ, கால் கழுவ, குளிக்க அங்கே அள்ளக் கூடாது. சவுக்காரத் தண்ணீர் கல்லின் வெடிப்பால் இறங்கி அதே கிணற்றுக்குத்தான் திரும்பும். விடுதியிலும் குளியலைச் சுருக்குங்கள்.

கல்லும் கோட்டையும்

தீவு முழுக்கக் காணி எல்லைகளில் முருகைக்கல் வேலி ஓடும். சாந்து இல்லாமல், கல்லின் மேல் கல்லாக அடுக்கியது. கிட்டப் போய்ப் பாருங்கள்: சில கற்களில் பழைய பவளத்தின் நெளி நெளியான கோடுகள், சிலவற்றில் பூப்போன்ற சிறு வட்டங்கள். கடலடியில் உயிரோடு வளர்ந்தது என்று அப்போதுதான் உறைக்கும். அதன் மேல் ஏறி இருக்கக் கூடாது, ஒரு கல் அசைந்தால் வரிசை சரியும். நினைவுக்கு ஒரு துண்டு எடுத்துப் போகவும் கூடாது. இடுக்குகளில் கை விட வேண்டாம், பாம்பும் தேளும் தங்க வசதியான இடம்.

கோட்டை, வெடியரசன் கோட்டை என்று சொல்லப்படும் இடிபாடு, புறாக்கூடு, குவிந்தாக் கோபுரம் எல்லாவற்றுக்கும் ஒரே ஒழுங்குதான்: ஏறாதே, கீறாதே. பெருக்கு மரத்தின் பொந்துக்குள் ஆட்கள் நிற்கலாம், அதனாலேயே பெயர் செதுக்குகிறவர்கள் கூட்டமும் அதிகம். அராபிய வணிகர் காலத்தில் வந்தது என்று சொல்லப்படும் மரம். பட்டையைக் கீறினால் அழுகல் புகும்.

குளிக்க ஆசைப்படும் இளைஞர்களுக்கு ஒரு சொல். தீவின் கரைகளில் உயிர்காப்பாளர் இல்லை. அடியில் கூரிய முருகைக்கல், முள் நிறைந்த கடல் முள்ளெலி, திடீரென ஆழமாகும் இடங்கள். ஊர் மீனவர் ஒருவர் காட்டும் இடத்தில் மட்டும் முழங்கால் அளவுக்கு இறங்கலாம். குடித்துவிட்டு இறங்கும் கதையே வேண்டாம்.

திரும்பும்போது

கடைசிப் படகுக்கு ஒரு மணி நேரம் முந்தியே துறைக்கு வந்துவிடுங்கள். காலையில் உங்களோடு வந்த ஆசிரியர்களும் உத்தியோகத்தரும் அதே படகில்தான் வீடு திரும்புவார்கள், காலை சொன்ன முறை மாலைக்கும் பொருந்தும். தீவுக் கடைகளில் ஒடியல், பனங்கட்டி, கருவாடு கிடைத்தால் வாங்குங்கள். கடல் சிப்பி, சங்கு, பவளத் துண்டு யாராவது விற்றால் வாங்க வேண்டாம்.

குப்பை முழுவதும் உங்களோடு யாழ்ப்பாணம் வரட்டும். துறையடியில் உள்ள தொட்டியில் போட்டுவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணாதீர்கள். தீவில் விட்டதைக் காற்று தெற்கு வெளிக்குத்தான் தள்ளிக்கொண்டு போகும், அங்கே மேய்கிற வாய்கள் இருக்கின்றன.

குறிகட்டுவானிலிருந்து யாழ் நகருக்கு மாலையில் பேருந்து குறைவு. காலையில் வந்த பேருந்தின் நடத்துனரிடமே கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு வைத்திருங்கள். படகு பிந்தினால் புங்குடுதீவுப் பக்க ஓட்டோ ஒன்றைப் பிடிக்க வேண்டி வரும். அதற்கான காசைத் தனியாக மடித்து வையுங்கள்.